சாட்சி இல்லாத அலை



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கூடி வந்திருக்கிறது என்றால், எழுதியவருக்குப் பத்து ஆண்டுகளாகக் கேட்பவர் இருந்திருக்கிறார் என்று பொருள். கவிதையை வாசித்து முடித்து நிமிர்ந்தால் எதிரே ஒரு முகம் இருக்கும். அது மலர்ந்திருக்கலாம், சுளித்திருக்கலாம், சில மாலைகளில் கண்ணயர்ந்தும் இருக்கலாம். ஆயினும் முகம் என ஒன்று உண்டு. அந்த முகம் அறவே இல்லாதபோது ஒரு கலை என்ன ஆகும், அதைப் பயில்பவர் என்ன ஆவார் என்ற வினா ஆண்டு விழாக்களில் எழுப்பப்படுவதில்லை. அதை எண்ணிப் பார்க்க உதவும் வரலாறு ஒன்று இலக்கியத்துக்கு வெளியே, வட கலிபோர்னியாவின் பாறைக் கரையில் கிடைக்கிறது. அங்கே ஒரு மனிதர் கடலடிப் பாறையின் மேல் எழும் ஓர் அலையை, ஒரு பலகையின் துணையோடு, 15 ஆண்டுகள் தனியாக ஏறிவந்தார். அவர் பெயர் ஜெஃப் கிளார்க். அந்த அலைக்கு மேவரிக்ஸ் என்று பெயர்.

கலிபோர்னியா என்றதும் திரைப்படங்கள் காட்டும் வெயிலும் வெண்மணலும் நினைவுக்கு வருமானால் அவற்றை ஒதுக்கிவிட வேண்டும். அவை தெற்கே, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் காட்சிகள். சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஹாஃப்மூன் பே என்ற ஊரின் கடல் வேறு வகையானது. அரைநிலா வளைகுடா என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். கரையும் அவ்வாறே வளைந்து கிடக்கிறது. வளைவின் வடமுனையில் பில்லர் பாயின்ட் என்னும் செங்குத்தான மேடு நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு ராடார் நிலையம். அதன் நிழலில் ஒரு மீன்பிடித் துறைமுகம். மூடுபனி அங்கே அடிக்கடி வந்து தங்கும். கடல்நீரின் வெப்பம் பெரும்பாலும் 10 முதல் 13 பாகை செல்சியஸ். ரப்பர் உடுப்பு இல்லாமல் நெடுநேரம் நீரில் இருந்தால் கைகால் விறைத்துப் போகும். வெண்சுறாக்கள் திரியும் கடல் அது. முனைக்கு வெளியே கரிய பாறைகள் வரிசையாகத் தலை நீட்டுகின்றன. அந்தப் பாறைகளுக்கும் அப்பால், கரையிலிருந்து அரை மைல் அளவில், நீருக்கடியில் ஒரு பார் கிடக்கிறது.

'பார்' என்ற சொல்லை இங்கே கவிஞர்கள் உலகம் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்றே அழைத்தார்கள். முத்துப்பார் என்ற சொல் அப்படி வந்தது. நிகண்டுகளும் பாறைக்கு அப்பெயரைத் தருகின்றன. அயல்நாட்டுக் கடல் ஒன்றைப் பேச, தமிழ்க் கடலோடிகளின் சொல் கைகொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

இந்தப் பாரின் மேல் அலை எழும் விதம் சற்று விரித்துச் சொல்லத் தக்கது. குளிர்காலத்தில், அலாஸ்காவுக்கும் அலூஷியன் தீவுகளுக்கும் அருகே, வட பசிபிக்கில் பெரும்புயல்கள் தோன்றுகின்றன. பரந்த நீர்ப்பரப்பின் மேல் நாட்கணக்கில் காற்று வீச, அங்கே பிறக்கும் குழப்பமான அலைகள் புயலை விட்டு நீங்கியபின் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொண்டு தென்கிழக்கே பயணம் செய்கின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 20 வினாடி செல்லும் அலையானால், ஆழ்கடலில் அதன் நீளம் 600 மீட்டருக்கு மேல் இருக்கும். அந்த அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து, இரண்டு மூன்று நாட்களில் கலிபோர்னியாவை அடையும். வழியில் கப்பலில் இருப்பவருக்கு அது ஒரு மெல்லிய ஏற்றமும் இறக்கமுமாக மட்டுமே தோன்றும். தன் நீளத்தில் பாதியளவுக்கு நீரின் ஆழம் குறையும்போதுதான் அலை கடலின் தரையை உணரத் தொடங்குகிறது. ஆகவே 300 மீட்டர் ஆழத்திலேயே இவ்வலைக்குத் தரை தட்டுப்படுகிறது. தரை தட்டிய அலை வேகம் குறைகிறது. குறையக் குறைய உயர்கிறது.

இதுவரை சொன்னது எந்தக் கரைக்கும் பொருந்தும். மேவரிக்ஸில் நேர்வது அதற்கு மேற்பட்டது. அங்கே கடலடிப் பாறை ஒரு சாய்தளம் போல ஆழத்திலிருந்து கரையை நோக்கி ஏறுகிறது. அதன் இரு பக்கங்களிலும் பள்ளங்கள். அலையின் நடுப்பகுதி பாரின் மேல் தயங்கி நிற்க, பள்ளங்களின் மேல் செல்லும் இரு கரங்களும் தயங்காமல் முந்துகின்றன. முந்தியபின் நடுவை நோக்கி வளைகின்றன. அகன்று பரவி வந்த ஆற்றல் இவ்வாறு ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. பக்கத்துக் கரைகளில் ஆள் உயரத்துக்குச் சற்று மேல் எழுந்து மடியும் அதே கடல், இங்கே வீடுகளை மூழ்கடிக்கும் உயரத்துக்கு எழுகிறது. 25 அடி அங்கே வியப்புக்கு உரியதன்று. 50 அடியைத் தாண்டிய நாட்களும் உண்டு. உடைந்த அலை, விழுந்தவரை முதலில் ஆழத்துக்கு அமிழ்த்துகிறது. பின்பு முன்னர்ச் சொன்ன கரும்பாறைகளை நோக்கி இழுத்துச் செல்கிறது.

ஆனால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அங்கே ஒன்றுமே இல்லை. சிறிய அலைகள் அந்தப் பாரை உணராமலே கடந்துவிடும். படகுகள் போகும், வரும். கோடையில் வந்து மேட்டின்மேல் நின்று பார்த்தவர், அமைதியான கடலைப் பார்த்ததாகவே வீட்டில் போய்ச் சொல்வார். அந்த இடம் நெடுங்காலம் அறியப்படாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர் வந்த கதை சிறியது. 1960-களில் சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த மூன்று பேர் பில்லர் பாயின்ட் அருகே சறுக்கிப் பார்த்தனர். அவர்களோடு வெண்ணிற ஜெர்மன் ஷெப்பர்டு நாய் ஒன்றும் வந்திருந்தது. கரையில் விட்டுச் சென்ற நாய் அவர்களைத் தொடர்ந்து நீந்தி வந்துவிட்டது. திரும்பிப் போய் அதைக் காரில் கட்டிவைத்துவிட்டு வந்தார்கள். அலையின் ஓரப் பகுதிகளில் சிறிது சறுக்கியபின், வெளியே உடையும் பெரிய அலை மனிதர் அணுகத் தக்கதன்று என்று முடிவு செய்து ஊர் திரும்பினார்கள். கட்டிப்போடப்பட்ட அந்த நாயின் பெயர் மேவரிக். அன்று அந்த அலையிடம் போக உண்மையாகவே விரும்பியது அது ஒன்றுதான் போலும். மேவரிக் என்ற சொல்லுக்கும் ஒரு பின்னணி உண்டு: டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்ற 19-ஆம் நூற்றாண்டு நிலக்கிழார் தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி இடாமல் விட்டதால், குறியில்லாமல் திரியும் கன்றுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பிறகு கூட்டத்தில் சேராத மனிதருக்கும் ஆகிவந்தது.

ஜெஃப் கிளார்க் 1957-இல் பிறந்தவர். ஹாஃப்மூன் பேயில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்திலிருந்தும் பில்லர் பாயின்ட் மேட்டிலிருந்தும் அந்த அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். 1975-இல், 17 வயதில், அலை 20 அடிக்கு மேல் எழுந்த ஒரு நாளில் அவர் பலகையை எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினார். உடன் வந்த நண்பர் இறங்க மறுத்துவிட்டார். உன்னைக் கடைசியாக எங்கே பார்த்தேன் என்பதைக் கடலோரக் காவல் படைக்குச் சொல்கிறேன் என்ற அளவில் அவர் நட்பு நின்றது. நெய்தல் திணையில் கரையில் நின்று கடல் நோக்கி இரங்குவோரைப் பற்றி நிறையவே படித்திருக்கிறோம். இந்த நண்பரின் இரங்கல் அந்த மரபில் சேராது. ஆயினும் அன்றைக்கு அவர் ஒருவரே சாட்சி. கிளார்க் அன்று பல அலைகளை இடப்புறமாக ஏறிவிட்டு உயிரோடு கரை சேர்ந்தார்.

அதன்பின் 15 ஆண்டுகள் அந்த அலையில் ஏறியவர் அவர் ஒருவரே. அந்தத் தனிமை எதைக் கேட்டிருக்கும் என்பதைச் சறுக்குக் கலையை அறியாதவர்களும் ஓரளவு ஊகிக்கலாம். பார் கண்ணுக்குத் தெரிவதில்லை. நடுக்கடலில் மிதக்கும் ஒருவர் தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிய, கரையில் உள்ள இரண்டு பொருள்களை, ஒரு பாறையையும் அதன் பின்னே தெரியும் ஒரு மேட்டையும், நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு திசையில் இன்னொரு இணையைப் பிடிக்க வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் காத்திருக்க வேண்டும். உலகத்துக் கடலோடிகள் யாவரும் அறிந்த பழைய முறைதான் இது. ஆனால் மீனவருக்கு அந்தக் குறிகளைத் தந்தை சொல்லித் தருகிறார். இங்கே சொல்லித் தர யாரும் இல்லை. நாற்பது அடி தள்ளி இருந்தால் அலை அவரைத் தொடாமல் போய்விடும். மறுபுறம் நாற்பது அடி தள்ளி இருந்தால் அது தலைமேல் இடியும். அடுத்தவர் விழுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை, அடுத்தவரே இல்லை. பிழைகள் அனைத்தையும் தம் உடம்பிலேயே செய்து பார்க்க வேண்டியிருந்தது. விழுந்தால் தூக்க மீட்பு வாகனம் இல்லை. நன்றாக ஏறினால், ஆம், நன்றாக ஏறினாய் என்று சொல்லவும் ஆள் இல்லை.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் தேவை. இந்தக் கதையைச் சொல்லும் பலரும் கிளார்க்கை ஒரு முனிவராக்கிவிடுகிறார்கள். உலகை வெறுத்துத் தம் அலையை மறைத்து வைத்துக்கொண்ட துறவியாகக் காட்டுகிறார்கள். கவிஞர்களுக்கு இந்த உருவம் மிகவும் பிடித்தமானது. தம்மையும் அதில் கண்டுகொள்ளலாம் அல்லவா? உண்மை அத்தனை அழகானதன்று. அவர் மற்றவர்களிடம் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. அக்காலத்தில் பேரலை என்றால் ஹவாய்தான். கலிபோர்னியாவில் அந்த அளவு அலை எழாது என்பது அறிந்தவர்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட கருத்து. ஏதோ ஒரு மீனவ ஊர் இளைஞனின் பேச்சு அந்தக் கருத்தை எப்படி அசைக்கும்? நேரில் வந்து பார்த்த சில நண்பர்கள் நம்பினார்கள். ஆனால் ஏற வரவில்லை. ஆக, அது தேர்ந்துகொண்ட தனிமையன்று. ஏற்றுக்கொள்ளப்படாத சொல்லின் தனிமை. அச்சுக்குப் போகாத கையெழுத்துப் பிரதியை வீட்டில் வைத்திருப்பவருக்கு இவ்விரண்டின் வேறுபாடு நன்றாகவே தெரியும்.

இதே கரையில், இன்னும் தெற்கே, கார்மெல் என்ற ஊரில் ராபின்சன் ஜெஃபர்ஸ் என்ற கவிஞர் வாழ்ந்தார். 1962-இல் மறைந்தவர். கடற்கரையிலிருந்து கருங்கற்களை உருட்டி வந்து, கொத்தனாரிடம் தொழில் கற்று, வீட்டருகே தம் கையாலேயே ஒரு கோபுரம் கட்டினார். மனிதர்களை விடப் பாறையையும் பருந்தையும் மதித்தவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய தனிமை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தனிமையிலிருந்து அவர் எழுதியவை அச்சாகின. 1932-இல் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. படிப்பவர் இருக்கிறார் என்று அறிந்து தனித்திருப்பது வேறு. கிளார்க்கின் 15 குளிர்காலங்களை அதோடு சேர்த்துப் பேசுவது பொருந்தாது.

அந்தத் தனிமை அவருக்கு என்ன தந்தது என்று கேட்டால், ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பாராட்டும் இகழ்ச்சியும் இல்லாத இடத்தில் கடல் ஒன்றே மதிப்பீட்டாளராக இருந்தது. அதற்கு முகத்தாட்சணியம் கிடையாது. பிழையான இடத்தில் அமர்ந்தவரை அது அப்போதே திருத்தியது. கேட்பவர்களின் கைதட்டலுக்காக வரியை வளைக்கும் பழக்கம் நம் கவியரங்குகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை இந்த அவையில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்துக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அதே நேரத்தில், தனியே இருந்ததனால் ஏற்பட்ட இழப்பையும் மறைத்தல் ஆகாது. 17 முதல் 32 வயது வரை, உடலின் மிகச் சிறந்த ஆண்டுகளில், அவர் ஏறிய அலைகள் யார் நினைவிலும் இல்லை.

1990 ஜனவரியில் சான்டா க்ரூஸைச் சேர்ந்த டேவ் ஷ்மிட், டாம் பவர்ஸ் என்ற இருவர் கிளார்க்கோடு சென்று அந்த அலையை ஏறினார்கள். பேரலை அறிந்தவர்கள் அவர்கள். திரும்பியதும் தாம் கண்டதைச் சொன்னார்கள். ஒருவர் 15 ஆண்டு சொல்லியும் நம்பாத உலகம், மூவர் சொன்னதும் நம்பியது. அவ்வாண்டே ஒரு படம் சறுக்கு இதழில் வந்தது. 1992-இல் 'சர்ஃபர்' இதழ் விரிவான கட்டுரை வெளியிட்டது. அதன்பின் வரிசையாக வந்தார்கள்: சறுக்குவோர், படம் எடுப்போர், படம் எடுப்போரைப் பார்ப்போர்.

1994 டிசம்பர் மாதம் கடல் பல நாட்கள் பெருகியே இருந்தது. 19-ஆம் நாள் ஜே மொரியாரிட்டி என்ற 16 வயதுச் சிறுவன் ஒரு பேரலையின் உச்சியிலிருந்து பலகையோடு விழுந்தான். பிழைத்து எழுந்து, வேறு பலகை எடுத்துக்கொண்டு மீண்டும் அன்றே சென்றான். அவன் விழுந்த படம் மறு ஆண்டு இதழின் அட்டையில் வந்தது. நான்கு நாட்கள் கழித்து, 23-ஆம் நாள், ஹவாயிலிருந்து இருவர் இரவோடு இரவாக விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கென் பிராட்ஷா. மற்றவர் மார்க் ஃபூ. சிங்கப்பூரில் பிறந்து ஹவாயில் புகழ் பெற்றவர். தொலைக்காட்சியும் இதழ்களும் நன்கு அறிந்த முகம். படகுகளில் படம் எடுப்போர் நிறைந்திருந்தனர். முற்பகலில் ஃபூ ஓர் அலையை எடுத்தார். அன்றைய பேரலைகளில் அது ஒன்றன்று. இறங்கும்போதே பலகையின் முனை நீரில் குத்தியது, விழுந்தார், அலை அவர்மேல் மடிந்தது.

அவர் விழுந்ததை எத்தனையோ கண்கள் பார்த்தன. ஒளிப்படக் கருவிகள் பதிவு செய்தன. அவர் எழவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்து வந்த அலையில் வேறு இருவர் விழுந்தார்கள். பார்வை அவர்கள்மேல் சென்றது. அவ்விருவரில் மைக் பார்சன்ஸ் என்பவர், நீருக்கடியில் தம்மோடு இன்னோர் உடல் மோதியதை உணர்ந்தார். உடன் விழுந்தவர்தான் அது என்று எண்ணிக்கொண்டார். ஃபூ வேறு பலகை எடுக்கக் கரைக்குப் போயிருப்பார் என்று மற்றவர்கள் கருதியிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தபின், துறைமுகம் நோக்கித் திரும்பிய படகில் இருந்தவர்கள் உடைந்த பலகைத் துண்டு ஒன்றையும், அதோடு கயிற்றால் பிணைந்து மிதந்த அவர் உடலையும் கண்டார்கள். காலில் கட்டிய கயிறு அடியில் பாறையில் சிக்கியிருக்கக்கூடும் என்பது ஓர் ஊகம். வயது 36.

யாரும் பாராத 15 ஆண்டுகளில் கிளார்க் பிழைத்திருந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஃபூ இறந்தார். இதைக் கொண்டு கூட்டத்தைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஃபூ தனியே சென்றிருந்தாலும் அந்தப் பாறை அவரைப் பிடித்திருக்கலாம். கிளார்க் பிழைத்ததில் நற்பேற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது: அன்று படகுகளில் இருந்தவர்கள் அலையைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், அந்த மனிதரைப் பார்க்கவில்லை. 1975-இல் கரையில் நின்ற அந்த ஒற்றை நண்பர், கடலில் இறங்க அஞ்சியவர்தான் எனினும், தம் கண்ணை ஒரே தலையின்மேல் வைத்திருந்தார். ஆயிரம் பேர் வாங்கிய நூலுக்கும் ஒருவர் படித்த நூலுக்கும் உள்ள தொலைவை அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

அந்தச் சாவுக்குப்பின் அலை மேலும் புகழ் பெற்றது. இது கசப்பான உண்மை. 1999-இல் கிளார்க்கே முன்னின்று போட்டி நடத்தினார். பரிசுத் தொகையும் விளம்பரதாரர்களும் வந்தார்கள். தம் தனிமையைத் தாமே விற்றார் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 15 ஆண்டு கூப்பிட்டும் வராத துணை வந்தபோது கதவைச் சாத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அதே ஆண்டில் சாரா கெர்ஹார்ட் அங்கே ஏறிய முதல் பெண் ஆனார். வேதியியல் கற்றவர், ஆரவாரம் விரும்பாதவர். மீட்புக்கு நீரூர்திகள் வந்தன; ஆபத்து நேரத்தில் காற்று நிரம்பி மேலே தூக்கும் உடுப்புகள் வந்தன. இவையெல்லாம் வந்தும், 2011 மார்ச்சில் சயன் மிலோஸ்கி என்ற ஹவாய் வீரர் அங்கே இறந்தார்.

2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒலியலைக் கருவிகளால் அக்கரையோரக் கடலடி நுணுக்கமாக அளந்து வரையப்பட்டது. அந்தப் படத்தில் பாரின் சாய்தளமும் இருபுறப் பள்ளங்களும் தெளிவாகத் தெரிகின்றன. அலை அங்கே ஏன் குவிகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்ட அறிவியலாளருக்கு அது போதுமானதாயிற்று. சாய்தளத்தின் மேல் விளிம்பு ஓரிடத்தில் சட்டென முடிகிறது. வட பசிபிக்கில் புயல் எழுந்து இரண்டு மூன்று நாள் கழிந்த காலைகளில், அந்த விளிம்புக்குச் சற்று வெளியே, பாறையையும் மேட்டையும் நேர்ப்படுத்தியபடி, இப்போது பலர் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். 1975-இல் ஒரு பள்ளி மாணவன் தேடிக் கண்ட இடமும் ஏறத்தாழ அதுதான்.